வேன் வராத செவ்வாய்க்கிழமைகள்

பதினொரு பெண்களின் கார்டில் நான் சிவப்புப் பேனாவால் ஒரு பொய்யை எழுதினேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் செலவழிக்காமல் எழுதினேன் என்பதே சரி. அந்தப் பொய்யை என் கையாலேயே அடிக்க வைத்த ஒரு பெண்ணைப் பற்றி இப்போது எழுதுகிறேன். அவருக்கு இது பிடிக்காது. "என்னப் பத்தி எதுக்கு எழுதுற? அந்தப் பூட்டப் பத்தி எழுதுலா" என்பார். பூட்டும் வரும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியாக இருந்தவள். நர்ஸை இங்கே எல்லா இனத்தாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கிள்ளானில். கிளினிக் இருந்த ஊரைச் சொல்ல மாட்டேன். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. டெங்கிலுக்கும் ஜெஞ்சாரோமுக்கும் நடுவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குள் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், இரண்டாம் செவ்வாய்க்கிழமை, எங்கள் வேன் செம்பனைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தெமுவான் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போகும். கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது, பச்சைக் குழந்தைகளுக்கு ஊசி போடுவது என் வேலை.

தெமுவான் மக்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். நாம் எல்லாரும் கப்பலிலோ படகிலோ வந்து இறங்குவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அடங்காத பிள்ளையைத் திட்டவும் அதே பெயர்தான். அதை இங்கே எழுதப் போவதில்லை. துரைமார் நம் தாத்தாக்களை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது மறந்துபோய், நமக்குக் கீழேயும் ஒருத்தன் கிடைத்தான் என்ற சந்தோஷத்தில் வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அதனாலேயே நான் நல்லவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பத்துக்குப் போக ஒரே ஒரு செம்மண் சாலை. அதன் குறுக்கே செம்பனைக் கம்பெனி ஒரு கேட் போட்டிருந்தது. கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டின் சாவி காவலாளியிடம். காவலாளி எங்கே என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். எங்கள் டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடிப்பார். பத்து நிமிடம் பார்ப்பார். "ஆள் இல்லக்கா. வாங்க, தே தாரிக் குடிச்சிட்டு ஒப்பிஸ் போயிருவோம்" என்று வேனைத் திருப்பிவிடுவார். நான் ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை.

ஒப்பிஸுக்குத் திரும்பியதும் வருகைப் பாரத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: வந்தார், வரவில்லை. 'நாங்கள் போகவில்லை' என்று எழுத அதில் கட்டம் கிடையாது. பாரத்தைத் தயாரித்தவருக்கு அப்படி ஒன்று நடக்கும் என்றே தோன்றவில்லை போலும். நான் 'வரவில்லை' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போவேன். இரண்டு டிக் சேர்ந்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது அவர் கையிலிருக்கும் கர்ப்பகாலக் கார்டை வாங்கி, மேல் மூலையில் சிவப்பு மையில் 'டிஃபால்ட்டர்' என்று எழுத வேண்டும். சொன்ன தேதிக்கு வராதவர் என்று பொருள். அவர்கள் ஒன்றும் பேசாமல் கார்டை வாங்கிக்கொண்டு போவார்கள். பேசாமல் போனால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கம்பத்தின் பாத்தின், அதாவது ஊர்த் தலைவர், ஒரு பெண். அப்பா இறந்த பிறகு ஊர்க்காரர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில், டி-சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக வருவார். வயசுப் பெண்ணாக இருந்தபோது பக்கத்துத் தோட்டத்தின் நாற்றுமேட்டில் தமிழ்ப் பெண்களோடு வேலை செய்தவர், அதனால் தமிழ் பேசுவார். அசல் தோட்டத்துத் தமிழ். மந்திரி வந்தாலும் அவருக்கு 'நீ'தான். முதல் முறை என்னை 'நீ' என்றபோது எனக்குச் சுருக்கென்றது. சீருடை போட்ட திமிர், வேறென்ன.

ஒரு வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கம்பத்தில் வருகை மிகக் குறைவு, மக்களுக்கு ஆர்வமில்லை, ஆகவே புது வருடம் முதல் வேன் போகாது, தேவைப்படுகிறவர்கள் டவுன் கிளினிக்குக்கு வரட்டும் என்று. டவுனுக்கு பஸ் கிடையாது. எட்டு மாதக் கர்ப்பிணி மோட்டார் சைக்கிளின் பின்னால் குண்டும் குழியுமான ரோட்டில் வர வேண்டும். அதை எழுதியவர் அந்த ரோட்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்த நானோ, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டிசம்பர் செவ்வாய்க்கிழமை போனேன். அன்று கேட் திறந்திருந்தது.

கம்பத்து ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பாத்தினின் தங்கை. மூன்றாவது பிள்ளை, ஏழு மாதம். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. கார்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு வாரத்துக்குள் டவுனுக்கு வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் வரமாட்டாள் என்று பாத்தின் அப்போதே சொன்னார். இரண்டாவது பிரசவத்தின்போது பெரிய ஆஸ்பத்திரியில் யாரோ கார்டின் மூலையிலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, பிரசவ அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினார்களாம். காட்டுக்குள்ளே இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்து எங்கள் உயிரை எடுக்கிறீர்கள் என்று. வலியில் கிடந்தவளை. அந்தச் சிவப்பு எழுத்தும் என்னுடையதுதான், இந்தப் பிள்ளையின் கார்டிலும் அதையே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அவள் கம்பத்தைத் தாண்டி எந்த மருத்துவமனைக்கும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வேன் வந்தால் வருவாள், அவ்வளவுதான்.

நான் வேன் இனி வராது என்ற செய்தியைச் சொன்னேன்.

"நாங்க வரலயா?" என்றார் பாத்தின்.

"பாரம் அப்படித்தான் சொல்லுது."

"பாரத்த யாரு எழுதுனா?"

"நான்தான்."

அவர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த குதிரைக் காலண்டரைக் கழற்றி என் மடியில் போட்டார். மளிகைக் கடையில் இனாமாகக் கொடுக்கும் பெரிய காலண்டர் அது. குதிரைப் பந்தய நாட்களில் சின்னதாகக் குதிரைப் படம் போட்டிருப்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயில் ஒரு குறி இருந்தது. நாங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போன நாளுக்கு நீல வட்டம். மற்றதெல்லாம் சிவப்புப் பெருக்கல். அன்றையதையும் சேர்த்துப் பன்னிரண்டு செவ்வாயில் நீல வட்டம் நான்கே நான்கு.

"இந்த அஞ்சும் கேட்டு பூட்டியிருந்த நாளு. பொம்பளைங்க காலையில எட்டு மணிக்கே வந்து இங்க உக்காந்துட்டாங்க. நான் மோட்டார்ல கேட்டுக்குப் போனேன். ஒன் வேனோட புழுதிதான் தெரிஞ்சிச்சு." விரல் பிப்ரவரிக்கு நகர்ந்தது. "இது தைப்பூசம். ஹாலிடேன்னு எனக்குத் தெரியும். நீ வேற நாள் வருவேன்னு பாத்தோம். வரல. அன்னிக்கும் பதினோரு பேரு வரலன்னு போட்டிருக்கியே, எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரியும். அன்று நான் பத்துமலையில் தலையில் பால்குடத்தோடு படி ஏறிக்கொண்டிருந்தேன். அட்டவணையில் செவ்வாய் என்று இருந்தது. மறுநாள் வந்து பழக்கதோஷத்தில் பதினொரு டிக் போட்டேன். முருகன் அந்தப் பாலை எப்படி வாங்கிக்கொண்டானோ.

"அப்ப இந்த ரெண்டு?" என்று கேட்டேன். ஏதாவது ஒன்றிலாவது அவர்கள் மேல் தப்பு இருக்காதா என்ற நப்பாசை.

"சாவு. எங்க கம்பத்துல ஒருத்தரு செத்தா ஏழு நாளு யாரும் வீட்ட விட்டுப் போவ மாட்டோம். வேலைக்கும் இல்ல, ஊசிக்கும் இல்ல. ரெண்டு தடவ வேன் வந்த நாளுல சாவு விழுந்திச்சு. நீ ஹாலுக்கு வந்த. ஆள் இல்லன்னு பாத்த. போயிட்ட. வீடு அந்தா இருக்கு. வந்து ஏன்னு கேக்கல."

என் அம்மா செத்தபோது பதினாறு நாள் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை, நல்ல காரியம் எதற்கும் போகவில்லை. கிளினிக்குக்கும் லீவு போட்டேன். லீவுப் பாரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தாயார் மரணம்' என்று எழுதினேன். யாரும் என்னை டிஃபால்ட்டர் என்று சொல்லவில்லை.

இதை உணர்ந்த உடனே நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என்னுடையது கத்தியது. "எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க. வேணும்னா அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு, பிரஷர் பெட்டியை மூடிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

"சரி. சொல்றேன்" என்றார் பாத்தின்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. வாரத்திலேயே கூட்டம் அதிகமான நாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று எங்கள் கிளினிக் வாசலில் வந்து நின்றது. கழுவித் துடைத்து, பாய் விரித்திருந்தார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளுமாகப் பதினொரு பேரும் இறங்கினார்கள். எல்லாரும் ஒன்றாக வந்ததால் பாத்தினின் தங்கையும் வந்திருந்தாள். பாத்தின் முன்னால் வந்து, நம்பர் கொடுக்கும் மெஷினில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடம் பற்றாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஒரு சீன ஆன்டி எழுந்து இடம் கொடுத்தார். நம்ம ஆள் ஒருவர், "இவங்க எல்லாம் எதுக்கு இங்க வராங்க?" என்று முணுமுணுத்தார். "நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான், அண்ணே" என்றேன். எனக்கே ஆச்சரியம். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருந்தது.

சத்தம் கேட்டு எங்கள் மேட்ரன் வெளியே வந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், தமிழ்க் கத்தோலிக்கர், சட்டம் என்றால் சட்டம்.

"அப்பாய்ன்ட்மென்ட் இல்லாம இத்தன பேரு ஒண்ணா வந்தா எப்படிமா?"

"வரலன்னு எழுதினீங்க. வந்துட்டோம்" என்று பாத்தின் காலண்டரைக் கவுண்டர் மேல் விரித்து வைத்தார். "இன்னிக்கி எழுது. எல்லாரும் வந்தாங்கன்னு எழுது. அப்புறம் இதப் பாரு, வராதது யாருன்னு."

மேட்ரன் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குள் தங்கையின் நம்பர் வந்தது. எட்டு மாதம் முடியப் போகிறது. முகம் உப்பியிருந்தது. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. தலை வலிக்கிறதா என்றேன். மூன்று நாளாக என்றாள். அழுத்தம் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. இன்னொரு தரம் பார்த்தேன், இறங்கவில்லை. டாக்டர் ஓடி வந்து மாத்திரை கொடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். இது வலிப்பில் போய் முடிந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. முப்பது வருடத்தில் இரண்டு தடவை அதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கார்டை என் மேசை மேல் வைத்து, மூலையிலிருந்த சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதோட நான் அங்க போக மாட்டேன்" என்று மலாயில் சொன்னாள். சத்தமே இல்லாத குரல்.

நான் பாத்தினைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. உயிர் போற விஷயம் இது."

"அவ ஒடம்பு. அவ கார்டு. அவ சொல்லிட்டா." பாத்தினின் கை தங்கையின் தோளை இறுகப் பிடித்திருந்தது. அவருக்கும் பயம். இருந்தும் தங்கையைக் கெஞ்சவில்லை. என்னையும் கெஞ்சவில்லை. "எழுதுனவ நீ. நீ மாத்து."

மேட்ரன் குறுக்கே வந்தார். "ரெக்கார்ட மாத்தக் கூடாது. லீகல் டாக்குமெண்ட். மொதல்ல ரிப்போர்ட் எழுதணும், மேல அனுப்பணும்."

மேலே அனுப்பி, கீழே வருவதற்குள் அவள் உயிர் இருக்குமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்ற கதையாக, அந்த இடத்தில் பூசாரி நானாகத்தான் இருந்தேன் என்பது எனக்கு உறைத்தது. பேனாவை எடுத்தேன்.

"அழிக்கல மேட்ரன். அடிக்கிறேன்" என்றேன்.

எங்கள் தொழிலில் தவறாக எழுதியதைத் திருத்த ஒரு முறை உண்டு. ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. ஒரே ஒரு கோடு. அடியிலிருக்கும் பழைய எழுத்து தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து, பெயர் முத்திரை. பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேருக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுத்தேன். என் சொந்தத் தவறுக்கு அதைச் செய்தது அன்றுதான் முதல் தடவை. கோட்டைப் போட்டேன். மலாயில் எழுதினேன்: 'வராதவர் என்று எழுதியது தவறு. கிளினிக் வேன் கேட்டிலிருந்து திரும்பிவிட்டது. தவறு என்னுடையது.'

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "பழசு தெரியுதே?" என்று கேட்டாள்.

"தெரியட்டும்" என்றார் பாத்தின். "என்ன எழுதியிருந்தாங்கன்னு பாக்கட்டும். யார் அடிச்சான்னும் பாக்கட்டும்."

அவள் எழுந்து, கார்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு நடந்தாள். பாத்தின் கூட ஏறினார். ஏறுமுன் திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பத்துக் கார்டுகள் என் மேசைக்கு வந்தன.

பத்தையும் அடித்தேன். கேட், கேட், சாவு, தைப்பூசம், கேட். ஆறாவது கார்டில் என் முத்திரையின் மை காய்ந்துபோய் எழுத்து விழவில்லை. மேட்ரன் உள்ளே போய்த் தன் இங்க் பேடைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். போய்விட்டார்.

மறுநாள் காலையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். சின்னதுதான், கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டது. தாயும் பிழைத்தாள். பாத்தின் எனக்குப் போன் பண்ணி, "ரெண்டும் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

பத்து நாளில் எனக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் பதிவுகளை மாற்றியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான். பயந்துதான் போனேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் அக்காவிடம் போனேன். அவள் அங்கே ஒரு பிளாட்டில் தனியாக இருந்தாள். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு.

"மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு ஒன் வேலயப் பாருடி. யாருக்காக இந்த வம்பு?" என்றாள்.

நான் அந்த இரண்டு சாவைப் பற்றிச் சொன்னேன். ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததையும், அப்புறம் டிக் போட்டதையும். அக்கா விசிறியை நிறுத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏழு நாளுதானா? நம்மளுக்குப் பதினாறாச்சேடி" என்றாள். பிறகு, "அம்மா செத்தப்ப எவனாச்சும் வந்து ஒன்ன அப்படிச் சொல்லியிருந்தா, நான் வெளக்குமாத்த எடுத்திருப்பேன்" என்றாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போய்விட்டாள். பாத்தின் என்னிடம் கொடுத்திருந்த காலண்டரின் பன்னிரண்டு தாளையும் போட்டோஸ்டாட் எடுத்து வந்தாள். தாள் பெரிசு, மெஷின் சிறிசு. பாதி பாதியாக எடுத்துச் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தாள். "இத வச்சு எழுது. மன்னிப்பு கின்னிப்பு எழுதுன, என் வீட்டுக்கு வராத."

அப்படியே எழுதினேன். நான் திருத்தியது பதிவை அல்ல, பொய்யை என்று. பன்னிரண்டு தாளையும் இணைத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் பாத்தின் தானாகவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழைப்பு இல்லையே என்று அதிகாரி கேட்டார். பேச்சு எங்கள் கம்பத்தைப் பற்றி என்றால் அழைப்பு எதற்கு என்று இவர் கேட்டார். பிறகு மலாயில், விரல் விட்டுச் சொன்னார். வேன் நிற்கக் கூடாது. எந்த நாள் என்பதைக் கம்பம் முடிவு செய்யும். சாவு விழுந்தால் போன் வரும், வேன் வேறு நாள் வர வேண்டும். வேன் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, யார் வந்தார்கள் என்று ஹால் காலண்டரில் வருகிறவர்களே கையெழுத்துப் போட வேண்டும்.

"இதெல்லாம் உங்கள் கோரிக்கைகளா?" என்று அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"இல்ல. இனிமே எப்படி நடக்கும்னு சொல்றேன்" என்றார் பாத்தின்.

மேட்ரனையும் கருத்துக் கேட்டிருந்தார்கள். காலண்டர் சொல்வது சரி, வேன் ஓடிய கணக்கோடு ஒத்துப்போகிறது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவரை நான் தப்பாக நினைத்திருந்தேன். எனக்கு ஒரு 'அறிவுரைக் கடிதம்' கொடுத்து அனுப்பினார்கள். வேன் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

கேட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அது தனியார் விஷயம் என்றார்கள். பாத்தின் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சரி என்றால் எனக்கு இப்போது அர்த்தம் தெரியும். அந்த வாரமே கேட்டுச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய பூட்டைக் கோத்துவிட்டார். கம்பெனியின் பூட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. இந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழும், அந்தப் பூட்டைத் திறந்தாலும் விழும். கம்பெனி போலீஸைக் கூப்பிட்டது. போலீஸ்காரர் வந்து இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார்.

"அவங்க பூட்ட நான் தொடல" என்றாராம் பாத்தின். "இந்தப் பாத எங்க பாட்டன் நடந்தது. கேட்டு நேத்து வந்தது. என் வீட்டுக்குப் போக என் சாவி."

கம்பெனி இரண்டு தடவை அந்தப் பூட்டை அறுத்துப் போட்டது. இரண்டு தடவையும் மறுநாள் காலையில் புதுப் பூட்டு இருந்தது. மூன்றாவது தடவை விட்டுவிட்டார்கள். அதன் ஒரு சாவி எங்கள் டிரைவரின் சாவிக்கொத்தில் தொங்கியது. கிளினிக் நாளைக் கம்பம் முதல் வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது.

அந்த வருடக் கடைசியில் அக்கா இறந்துவிட்டாள். காலையில் பால் வாங்கப் போனவள் லிப்ட் வாசலிலேயே விழுந்துவிட்டாள். பிளாட்டைத் திறந்தபோது மேசை மேல் செல்லோடேப் இன்னும் இருந்தது. நான் ஒப்பிஸுக்கு மட்டும் சொல்லிவிட்டு லீவில் இருந்தேன். அந்த மாத வியாழக்கிழமைக்கு வேறொரு மிஸ்ஸி போனார்.

கருமாதி முடிந்து, அதற்கடுத்த முதல் வியாழன் கம்பத்துக்குப் போனேன். கேட்டை டிரைவர் தன் சாவியால் திறந்தார். ஹாலில் பெண்கள் இருந்தார்கள். பாத்தினின் தங்கை மடியில் அந்தக் குழந்தை, கொழுகொழுவென்று, என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. கையெழுத்துப் போடக் காலண்டருக்குப் போனவள், முந்தின மாதத்துத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நியாயம்தானே, நான் வரவில்லையே.

பெருக்கல் இல்லை. வந்த மிஸ்ஸியின் கையெழுத்துக்குக் கீழே பாத்தினின் பெரிய பெரிய எழுத்தில் மலாயில் எழுதியிருந்தது: 'நம்ம மிஸ்ஸி வரவில்லை. அக்கா இறந்துவிட்டார். பதினாறு நாள்.'

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"ஒன் டிரைவருகிட்ட கேட்டேன், மிஸ்ஸி ஏன் வரலன்னு. ஒன் அக்கா செத்துட்டாங்கன்னான். ஒங்காளுங்களுக்கு எத்தன நாளுன்னு கேட்டேன். சொன்னான்." அவர் தோளைக் குலுக்கினார். "கேட்டா தெரிஞ்சிரும்லா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சீருடையோடு, அத்தனை பெண்களுக்கு முன்னால், மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பாத்தின் பேனாவை எடுத்து என் கையில் திணித்தார்.

"அழுவு. கையெழுத்துப் போட்டுட்டு அழுவு. இன்னிக்கி வேன் கால் மணி நேரம் லேட்டு. அதையும் எழுது."

எழுதினேன்.